லேபிளை மறைத்து ஒயின் சுவைக்க ஒரு மாலை: ஆறு கூஜா, எட்டுப் பேர்

ஒயின் பாட்டிலைக் கையில் எடுத்ததுமே பாதித் தீர்ப்பு முடிந்துவிடுகிறது. விலை, நாட்டின் பெயர், லேபிளில் இருக்கும் கோட்டைப் படம், "இது நல்லா இருக்கும்" என்று கொண்டுவந்தவர் சொன்ன ஒரு வார்த்தை என்று எல்லாம் நாக்கை முந்திக்கொள்கின்றன. 2001-இல் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. பிரான்சின் போர்டோவில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு, மணமில்லாத சாயத்தால் சிவப்பாக்கிய ஒரு வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அதன் மணத்தை விவரிக்க மாணவர்கள் சிவப்பு ஒயினுக்கான சொற்களையே எடுத்துப் போட்டார்கள். அவர்கள் மூக்கு மந்தம் இல்லை. கண் சொன்னதை மூக்கு நம்பியது, அவ்வளவுதான்.

ஆகவே லேபிளை மறைப்பது யாருடைய அறியாமையையும் வெளிச்சம் போட்டுக் காட்டுவதற்கில்லை. நண்பர்கள் கூடும் மாலையில் "இது எந்தத் திராட்சை, எந்த ஆண்டு?" என்று தேர்வு வைத்தால் இரண்டு பேர் மட்டும் பேசுவார்கள், ஆறு பேர் மௌனமாகிவிடுவார்கள். ஒயின்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். ஒயினைப் பற்றி ஒன்றுமே தெரியாதவருக்கும் "இரண்டாவதைவிட நான்காவது அதிகம் துவர்க்கிறது" என்று சொல்ல வரும். அப்படிச் சொல்ல வைப்பதற்கான ஏற்பாடுதான் இங்கே.

முதலில் ஒரு கேள்வி

கடைக்குப் போகும் முன்பே, அன்று மாலை எதைக் கண்டுபிடிக்கப் போகிறீர்கள் என்று ஒரே ஒரு கேள்வியை முடிவு செய்யுங்கள். ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவந்து வரிசையாக வைத்தால், இனிப்பான வெள்ளைக்கு அடுத்து கனமான சிவப்பு, அதற்கடுத்து நுரைக்கும் ஒயின் என்று வரும். எதையும் எதோடும் ஒப்பிட முடியாது. மாலை நன்றாகப் போகும், ஆனால் யாரும் எதையும் தெரிந்துகொண்டிருக்க மாட்டார்கள்.

நல்ல கேள்விகள் சில: ஒரே திராட்சை ஊருக்கு ஊர் எப்படி மாறுகிறது? விலை மூன்று மடங்கானால் சுவையும் மாறுகிறதா? ஓக் மரப் பீப்பாயில் வைத்ததையும் எஃகுத் தொட்டியிலேயே வைத்ததையும் பிரித்துச் சொல்ல முடியுமா?

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஷிராஸ் திராட்சையை வைத்து ஒரு மாதிரித் திட்டம் போடலாம். நாசிக் ஷிராஸ் இரண்டு (வேறு வேறு நிறுவனம், விலையில் வித்தியாசம் இருக்கட்டும்), பெங்களூருக்கு வடக்கே நந்தி மலைப் பக்கத்திலிருந்து ஒன்று, ஆஸ்திரேலியாவின் பரோஸாவிலிருந்து ஒன்று, பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கிலிருந்து ஒன்று. ஐந்து பாட்டில் ஆயிற்று. ஆறாவதாக இந்த ஐந்தில் ஒன்றையே மறுபடி வைக்க வேண்டும். மாலையின் உயிர்நாடியே அந்த இரட்டைதான், அதைப் பிறகு பார்ப்போம். ரோன் கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், நான்கு ஒயினும் ஓர் இரட்டையும் போதும். முதல் முறை செய்பவர்களுக்கு ஐந்து கிண்ணம்கூட நிறைவாகவே இருக்கும். ஆறைத் தாண்டினால் நாக்கு களைத்து, கடைசி இரண்டுக்கும் நியாயம் கிடைக்காது.

தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் வசம். ஒயினில் கொஞ்சமாவது தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் எலைட் கடைகளுக்குத்தான் போக வேண்டும். பக்கத்து மாநிலத்தில் வாங்கிக் காரில் ஏற்றி வரலாம் என்று நினைக்காதீர்கள், அதில் சட்டச் சிக்கல் இருக்கிறது. உள்ளூர்க் கடையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதற்கேற்பக் கேள்வியை அமைப்பது நல்லது. கடையில் வெயில் படும் அலமாரியில் நின்றிருந்த பாட்டிலை எடுக்காதீர்கள். கார்க் வெளியே தள்ளிக்கொண்டிருந்தாலோ கழுத்தில் பிசுபிசுப்பாக ஒழுகிய தடம் இருந்தாலோ அந்த ஒயின் சூட்டில் வெந்துவிட்டது என்று பொருள். நம் ஊரில் அடிக்கடி எதிர்ப்படும் கோளாறு அதுதான்.

அளவு

ஒரு பாட்டில் 750 மில்லி. ஆளுக்கு 40 மில்லி ஊற்றினால் எட்டுப் பேருக்கு 320 மில்லி, பாதிக்கும் மேல் மிச்சம். அதனால்தான் இரட்டைக்கு இன்னொரு பாட்டில் வாங்கத் தேவையில்லை. அதே பாட்டிலிலிருந்து இரண்டு கூஜாவில் ஊற்றினாலும் 640 மில்லிதான் செலவாகும். ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றுவதே சரியும்கூட. இரண்டு பாட்டில்கள் ஒரே நாளில் அடைக்கப்பட்டிருந்தாலும், ஒன்றின் கார்க் கெட்டிருந்தால் இரட்டை இரட்டையாக இருக்காது.

ஆறு ஒயினையும் முழுதாக விழுங்கினால் ஒருவர் உடலில் சேர்வது 240 மில்லி, அதாவது சுமார் 25 கிராம் ஆல்கஹால். இந்தியாவில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். பெரும்பாலோர் அதைத் தாண்டிவிடுவார்கள். எனவே ஆளுக்கொரு சின்ன சொம்பு வையுங்கள், துப்புவதற்கு. துப்பினாலும் சுவை முழுதாகத் தெரியும், தொண்டையில் இறங்கும் சூடு மட்டும்தான் குறையும். பார்த்தால் அருவருப்பாக இருக்குமோ என்று தயங்குபவர்களுக்காக உள்ளே தெரியாத எவர்சில்வர் சொம்பே நல்லது, அடியில் நாலைந்து டிஷ்யூ தாள் போட்டுவிடுங்கள், தெறிக்காது. யார் வண்டியில் வருகிறார்கள், யார் ஆட்டோவில் திரும்புவார்கள் என்று அழைக்கும்போதே பேசி முடித்துவிடுங்கள். தமிழ்நாட்டில் மது அருந்தச் சட்டப்படியான வயது 21 என்பதும் நினைவிருக்கட்டும்.

மறைப்பது

பாட்டிலைக் காகிதப் பையில் போட்டு, கழுத்தில் ரப்பர் பேண்ட் மாட்டுவதுதான் எல்லோருக்கும் தெரிந்த வழி. இதில் ஓட்டைகள் அதிகம். தோள் உயர்ந்த பாட்டில் போர்டோ பாணி, சரிவான தோள் பர்கண்டி அல்லது ரோன் பாணி (மூன்றும் பிரான்சின் ஒயின் வட்டாரங்கள்). பைக்குள் இருந்தாலும் தோளின் வடிவம் கைக்குத் தெரியும். வாயில் திருகு மூடியின் மரை தெரிந்தால் "இது ஆஸ்திரேலியா" என்று ஒருவர் முணுமுணுப்பார், அதோடு ஆட்டம் போயிற்று. விலை கூடிய பாட்டில்கள் சில அடிப்பகுதி தடித்து, தூக்கினாலே கனக்கும். பைதான் வேண்டும் என்றால் கழுத்தைச் சுற்றிய உறையை முழுதாக உரித்துவிட்டு, அலுமினியத் தாளால் வாய்வரை சுற்றி, மேலே பையைப் போடுங்கள். கார்க்குகளைச் சமையலறையிலேயே ஒளித்துவையுங்கள்.

எங்கள் பரிந்துரை வேறு. ஒரே மாதிரியான கண்ணாடிக் கூஜா அல்லது தண்ணீர் பாட்டில் ஆறு வாங்கி, அவற்றில் ஊற்றிவிடுங்கள். வடிவம், கனம், மூடி என்ற எல்லாத் துப்பும் ஒரே வீச்சில் ஒழிந்துவிடும். எல்லா ஒயினுக்கும் ஒரே அளவு காற்றும் படும். நுரைக்கும் ஒயினுக்கு மட்டும் இது ஆகாது, நுரை போய்விடும்.

ஊற்றுபவரும் விளையாட விரும்பினால் இரண்டு பேர் சேர்ந்து செய்ய வேண்டும். முதலாமவர் சமையலறையில் தனியாக நின்று ஒவ்வொரு ஒயினையும் கூஜாவில் ஊற்றி, கூஜாவின் அடியில் க, ங, ச என்று சின்ன ஸ்டிக்கர் ஒட்டுகிறார். எந்த எழுத்து எந்த ஒயின் என்று ஒரு தாளில் எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார். பாட்டில்கள் அலமாரிக்குள் போய்விடுகின்றன. அதற்குப் பிறகு இரண்டாமவர் உள்ளே வந்து, அடியைப் பார்க்காமல் கூஜாக்களை இடம் மாற்றிக் கலைத்து, பக்கவாட்டில் 1 முதல் 6 வரை எண் ஒட்டுகிறார். என்னென்ன ஒயின் இருக்கிறது என்று முதலாமவருக்குத் தெரியும், எது எந்த எண் என்று தெரியாது. இரண்டாமவருக்கு இரண்டுமே தெரியாது. ஐந்து நிமிட வேலைதான்.

ஊற்றும் முன் முதலாமவர் ஒவ்வொரு பாட்டிலையும் முகர்ந்து ஒரு சொட்டு சுவைத்துவிட வேண்டும். நனைந்த அட்டைப்பெட்டி, ஈரமான கோணிச் சாக்கு போல வாடை அடித்தால் அது கார்க் கோளாறு, டி.சி.ஏ. என்ற வேதிப்பொருளின் வேலை. ஒரு லிட்டரில் சில நானோகிராம் கலந்திருந்தாலே போதும், பழ மணம் எல்லாம் மங்கிவிடும். நகப்பூச்சு அழிக்கும் திரவம் அல்லது காடியின் நெடி முன்னால் நின்றாலும் அந்தப் பாட்டில் வேண்டாம். இதற்காக ஒரு பாட்டில் கூடுதலாக வாங்கி வைத்திருங்கள். கெட்டுப் போகவில்லை என்றால் சாப்பாட்டோடு போகும்.

சூடும் குளிரும்

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். சிவப்பு ஒயினை அறையின் வெப்பத்திலேயே பரிமாற வேண்டும் என்ற பேச்சு ஐரோப்பியக் கல் வீடுகளைப் பார்த்துச் சொன்னது. சென்னைக் கூடத்தில் அது 30 டிகிரி. அந்தச் சூட்டில் ஆல்கஹால் நெடி மூக்கைக் குத்தும், பழ மணம் அமுங்கிவிடும், நல்ல ஒயினும் கஞ்சி போலத் தளர்ந்து கிடக்கும். கனமான சிவப்புக்கு 15 முதல் 18 டிகிரி, இளைய மென்மையான சிவப்புக்கு 13, வெள்ளைக்கு 8 முதல் 12 வரை.

முப்பதிலிருந்து பதினேழுக்கு இறங்க, ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பக்கெட்டில் பாதி ஐஸ், பாதி தண்ணீர் வைத்துப் பாட்டிலைக் கழுத்துவரை அமிழ்த்தினால் பத்து நிமிடம் போதும். வெறும் ஐஸ் மட்டும் போட்டால் இடையில் காற்று நின்று தாமதமாகும், தண்ணீர் கட்டாயம் வேண்டும். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் ஒரு முறை வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் பாட்டிலைத் தொட்டுப் பாருங்கள்: சிவப்பு, மண்பானைத் தண்ணீரைவிடக் கொஞ்சம் கூடுதல் சில்லென்று இருக்க வேண்டும். கிண்ணத்தில் ஊற்றிய 40 மில்லி நம் வெயிலில் வேகமாகச் சூடேறும், எனவே சிவப்பை 15 டிகிரியிலேயே தொடங்குவது புத்திசாலித்தனம்.

இன்னொன்று, ஆறும் ஒரே குளிர்ச்சியில் இருக்க வேண்டும். ஒன்று 12 டிகிரியிலும் மற்றொன்று 22 டிகிரியிலும் இருந்தால் எல்லோரும் ஒப்பிடுவது குளிர்ச்சியைத்தான். குளிர்ச்சி கூடினால் துவர்ப்பும் புளிப்பும் முன்னால் வரும், சூடு கூடினால் இனிப்பும் ஆல்கஹாலும் முன்னால் வரும். ஒரே ஒயினை இரண்டு குளிர்ச்சியில் கொடுத்தால் இரண்டு ஒயின் என்றே சொல்வார்கள்.

கிண்ணம், மேசை, கூடம்

ஒயின் சுவைப்பதற்கென்றே ஐ.எஸ்.ஓ. என்ற பன்னாட்டுத் தர அமைப்பு வகுத்த கிண்ணம் சுமார் 215 மில்லி கொள்ளும், அடி அகன்று வாய் குறுகியிருக்கும். அந்த வடிவம்தான் முக்கியம். குறுகிய வாய் மணத்தைப் பிடித்துவைக்கும், சுழற்றினாலும் சிந்தாது. எது வாங்கினாலும் எல்லாம் ஒரே மாதிரியாக இருக்கட்டும். எட்டுப் பேருக்கு ஆறு வீதம் 48 கிண்ணம் என்பது மலைப்பாக இருந்தால், பாத்திர வாடகைக் கடையில் கேட்டுப் பாருங்கள். ஆளுக்கு மூன்றுதான் தேறும் என்றால் மூன்று மூன்றாகப் பரிமாறுங்கள். அப்போது பத்துக்கு மதிப்பெண் போடச் சொல்லி, பிறகு அதை வரிசையாக மாற்றிக்கொள்ளலாம்.

கிண்ணத்தின் வாடையை யாரும் சோதிப்பதில்லை. அலமாரியில் கவிழ்த்து வைத்தது மர வாசனையைப் பிடித்திருக்கும், ஈரத் துணியால் துடைத்தது துணி வாசனையை. சோப்பில்லாமல் வெந்நீரில் அலசி, நிமிர்த்தி உலரவிட்டு, வெறும் கிண்ணத்தை முகர்ந்து பாருங்கள். எந்த வாடையும் வரக்கூடாது.

ஏ4 தாளில் ஆறு வட்டம் போட்டு எண் எழுதி ஆளுக்கொன்று விரித்தால், கிண்ணம் இடம் மாறாது. வெள்ளைத் தாளின் மீது சாய்த்துப் பிடித்தால் நிறமும் தெரியும்.

கூடத்தில் ஊதுபத்தி, சாம்பிராணி, அறை மணமூட்டி எதுவும் வேண்டாம். அன்று மட்டும் மல்லிகைப்பூவும் சென்ட்டும் வேண்டாமென்று நண்பர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பக்கத்தில் இருப்பவரின் மூக்கைச் சேர்த்தே அவை அடைத்துவிடும். சமையலறையில் தாளிப்பு முடிந்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். பல் தேய்த்த கையோடும், காபி குடித்த கையோடும், பாக்குப் போட்டுக்கொண்டும் வரக்கூடாது. பற்பசையில் உள்ள நுரைப்பொருள் இனிப்பை மந்தமாக்கிக் கசப்பைக் கூட்டிவிடும்.

வாயை மாற்றிக்கொள்ள உப்பில்லாத பொரி அருமையானது. உறிஞ்சும், மணமில்லை, எண்ணெயில்லை. வெறும் ரொட்டித் துண்டும் பரவாயில்லை. மிக்சர், முறுக்கு, சீஸ் எல்லாம் பிறகு. உப்பும் கொழுப்பும் துவர்ப்பை மழுக்கி எல்லா ஒயினையும் நல்லதாக்கிவிடும். மிளகாயோ எதிர்ப்பக்கம்: காரமும் ஆல்கஹாலும் சேர்ந்து எரிச்சலைக் கூட்டும், பிறகு அரை மணி நேரத்துக்கு நாக்கு நம் பேச்சைக் கேட்காது.

நாக்கைப் பழக்கும் மூன்று டம்ளர்

ஒயினைத் தொடும் முன் பத்து நிமிடம் இதற்குச் செலவிடுங்கள். 200 மில்லி தண்ணீரில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, இன்னொரு 200 மில்லியில் அரைத் தேக்கரண்டி சர்க்கரை, மூன்றாவதில் இரண்டு தேக்கரண்டி தேயிலையைப் பத்து நிமிடம் ஊறவிட்டு வடித்து ஆறவைத்த வெறும் டீ. எல்லோரும் ஒவ்வொரு வாய் சுவைக்கட்டும்.

எலுமிச்சையில் கவனிக்க வேண்டியது, துப்பிய பிறகு நாக்குக்கு அடியிலிருந்து எச்சில் எவ்வளவு ஊறுகிறது என்பதை. ஒயினின் புளிப்பை அளக்கும் அளவுகோல் அதுதான். சர்க்கரைத் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் பத்து கிராம் கணக்கு, லேசாகத்தான் இனிக்கும். பெரும்பாலான இனிப்பற்ற ஒயின்களில் இதில் பாதியும் இருக்காது. ஆனாலும் "இது இனிக்குது" என்று யாராவது சொல்வார்கள், பழ மணத்தை மூளை இனிப்பாகக் கணக்கு வைப்பதால். சந்தேகம் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடிக்கச் சொல்லுங்கள். இனிப்பு உண்மையானால் அப்படியே நிற்கும், பழ மணமானால் சட்டென்று காணாமல் போய்விடும். விரலை எடுத்ததும் திரும்பி வரும். அந்தக் கணத்தில் எதிரில் இருப்பவர்களின் முகத்தைப் பாருங்கள்!

டீ துவர்ப்புக்கு. இங்கே தமிழ் நமக்கு ஒரு வசதி செய்து தந்திருக்கிறது. திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் டானின் எச்சிலில் உள்ள புரதத்தோடு சேர்ந்துகொள்ள, வாயின் வழுவழுப்பு போய் ஈறும் உதட்டின் உட்புறமும் இழுத்துப் பிடிப்பதைத்தான் நாம் துவர்ப்பு என்கிறோம். அறுசுவையில் ஒன்றாக எண்ணிப் பழகியவர்கள் நாம், வாழைப்பூவும் பச்சைப் பாக்கும் கடுக்காயும் தெரிந்த வாய்க்கு டானினைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நாக்கால் மேல் ஈறைத் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் துவர்ப்பு அதிகம், பட்டுப் போல இருந்தால் குறைவு.

சுவைக்கும் நேரம்

முதலில் கணக்கில் சேராத ஒரு ஒயினை ஆளுக்கு ஒரு வாய் கொடுங்கள். நாளின் முதல் வாய் எப்போதும் காரமாகவும் புளிப்பாகவும்தான் படும், அந்தப் பழி 1-ஆம் எண்ணின் மீது விழக்கூடாது. மேசையின் ஒரு பக்கம் 1-லிருந்து 6-க்கும், மறுபக்கம் 6-லிருந்து 1-க்கும் போகட்டும். வரிசையால் வரும் சாதகமும் பாதகமும் ஓரளவு சமனாகிவிடும்.

ஒரு கிண்ணத்துக்கு மூன்று நிமிடம் பேச்சே இருக்கக்கூடாது. இந்த விதியை மட்டும் யாருக்காகவும் தளர்த்தாதீர்கள். யாராவது ஒருவர் "மாம்பழ வாசனை" என்று சொல்லிவிட்டால் போதும், அடுத்த நொடி மேசை முழுக்க மாம்பழம்தான் மணக்கும். அதுவும் சொன்னவர் ஒயின் தெரிந்தவர் என்று பெயரெடுத்தவரானால் மற்றவர்கள் எழுதியதை அடித்துவிட்டு மாற்றுவார்கள்.

நிறத்தைப் பாருங்கள். சுழற்றாமல் ஒரு முறை, சுழற்றி ஒரு முறை முகருங்கள், நீளமாக இழுக்காமல் இரண்டு மூன்று சின்ன மூச்சாக. 10 மில்லி அளவில் ஒரு வாய் எடுத்து, பல்லிடுக்கில் கொஞ்சம் காற்றை உறிஞ்சி, வாய் முழுக்கப் பரவவிட்டு, துப்புங்கள். பிறகு எத்தனை விநாடி சுவை நிற்கிறது என்று மனதுக்குள் எண்ணுங்கள். எண்ணி முடித்ததும் எழுதுங்கள்.

எழுதும் தாளில் புளிப்பு, துவர்ப்பு, இனிப்பு, கனம் (வாயில் எவ்வளவு அடர்த்தியாகப் படுகிறது), எத்தனை விநாடி என்று ஐந்து கட்டம், கடைசியில் "எது நினைவுக்கு வருகிறது" என்று ஒரு காலி வரி. வாசனைப் பட்டியல் அச்சடித்துக் கொடுக்காதீர்கள், கொடுத்தால் அதில் டிக் அடிப்பார்கள், முகர மாட்டார்கள். அந்தக் காலி வரியில் அவரவர் வீட்டு வார்த்தை வரட்டும். நாவல்பழம், பழைய டிரங்குப் பெட்டி, மழை பட்ட மண், மருந்துக் கடை எல்லாம் செல்லும். ஆங்கிலக் குறிப்புகளில் வரும் "கூஸ்பெரி"யை நெல்லிக்காய் என்று நினைத்துத் தேடுபவர்கள் பலர். அது ஐரோப்பாவில் விளையும் வேறு பழம், நம் நெல்லியின் மணம் அதற்கில்லை. தெரியாத பழத்தைத் தேடுவதைவிடத் தெரிந்த நாவல்பழத்தைச் சொல்வது மேல்.

எல்லோரும் எழுதி முடித்த பிறகு நம் அடுக்களையிலேயே பதில் இருக்கும் சில மணங்களைப் பேசலாம். ஷிராஸில் மிளகு மணக்கும் என்பது வெறும் உவமை இல்லை. மிளகுக்கு மணம் தரும் ரோட்டண்டோன் என்ற அதே பொருள்தான் ஷிராஸிலும் இருக்கிறது. சுமார் ஐந்தில் ஒருவருக்கு அந்த மணமே எட்டாது. எனவே "எனக்கு மிளகே தெரியலையே" என்பவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். கிராம்பு மணந்தால் ஓக் பீப்பாய், தேங்காய் மணந்தால் அமெரிக்க ஓக்காக இருக்க வாய்ப்பு. பச்சைக் குடைமிளகாய் மணம் கேபர்னே சாவினியான் என்ற சிவப்பு ஒயின் திராட்சையிலும் சாவினியான் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் திராட்சையிலும் வரும். வெள்ளை ஒயினில் வெண்ணெய் வாசனை என்றால் அதன் கூர்மையான மாலிக் அமிலத்தைப் பாக்டீரியா மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றியபோது சேர்ந்தது.

கணக்கு

நூற்றுக்கு மதிப்பெண் கொடுக்கச் சொல்லாதீர்கள். ஒருவர் 60-க்கும் 95-க்கும் இடையில் விளையாடுவார், இன்னொருவர் எல்லாவற்றுக்கும் 82 போடுவார். மதிப்பெண்ணை அகலமாகப் போட்டவரின் ரசனையே முடிவாகிவிடும். பிடித்த வரிசைப்படி 1 முதல் 6 வரை இடம் கொடுக்கச் சொல்லி, ஒவ்வொரு ஒயினுக்கும் எட்டுப் பேர் கொடுத்த இடத்தையும் கூட்டுங்கள். எல்லோருக்கும் பிடித்திருந்தால் 8, யாருக்குமே பிடிக்காவிட்டால் 48, நடுநிலை 28. இரண்டு ஒயின்கள் 26, 30 என்று வந்தால் அவற்றுக்குள் வெற்றி தோல்வி இல்லை. ஒன்று 14-ம் மற்றொன்று 41-ம் என்றால்தான் பேச்சு.

இப்போது அந்த இரட்டைக்கு வருவோம். இரண்டு கூஜாவிலும் ஒரே ஒயின். தன் தாளில் ஒன்றுக்கு 2-ஆம் இடமும் மற்றதற்கு 5-ஆம் இடமும் கொடுத்தவர், தன் நாக்கின் தடுமாற்றம் இன்று எவ்வளவு என்று கண்ணால் பார்த்துவிடுவார். மற்ற ஒயின்களுக்கிடையே அவர் கண்ட வித்தியாசத்தையும் அந்த அளவுகோலில்தான் வைத்துப் பார்க்க வேண்டும். ஆறில் ஒரு சோடி இருக்கிறது என்று தொடக்கத்திலேயே சொல்லி, கண்டுபிடிக்கச் சொல்வது இன்னும் சுவாரசியம். தேர்ந்தவர்களும் இதில் திணறுவார்கள்.

இரண்டே ஒயின்தான் கையில் இருக்கிறதா? மும்முனைச் சோதனை செய்யுங்கள். மூன்று கிண்ணம், இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் வேறு. வேறானதைச் சுட்ட வேண்டும். கண்ணை மூடிச் சுட்டினாலும் மூவரில் ஒருவருக்குச் சரியாக வரும். எட்டுப் பேரில் ஐந்து பேர் சரியாகச் சொன்னால் அது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம், பதினொரு முறைக்கு ஒரு முறை குருட்டாம்போக்கிலேயே அப்படி நடக்கும். ஆறு பேர் சொன்னால் ஐம்பதுக்கு ஒன்றுதான், நம்பலாம்.

நிறத்தையும் மறைத்து "வெள்ளையா, சிவப்பா?" என்று விளையாட வெளிநாட்டில் கறுப்புக் கிண்ணம் வைத்திருக்கிறார்கள். நமக்கு எவர்சில்வர் டம்ளரும் மங்கலான விளக்கும் போதும். இரண்டையும் 14 டிகிரிக்குக் கொண்டுவந்துவிடுங்கள், இல்லாவிட்டால் சில்லென்று இருப்பதை வெள்ளை என்று சொல்லிவிடுவார்கள். துவர்ப்பு குறைந்த சிவப்பையும் ஓக்கில் வைத்த வெள்ளையையும் எடுத்தால் தப்பு நிறைய வரும், மேசை கலகலக்கும்.

திரை விலகும்போது

எல்லோரின் தாளையும் வாங்கி, கூட்டுத் தொகையைப் போட்டு, அதைப் படித்த பிறகுதான் கூஜாவைத் தூக்கி அடியைக் காட்ட வேண்டும். முதலில் பெயரைச் சொல்லிவிட்டால் பென்சில்கள் வேலை செய்யத் தொடங்கிவிடும். கடைசி இடத்திலிருந்து மேலே வாருங்கள். ஒவ்வொரு பெயரைச் சொன்னதும், அதை முதலிடத்தில் வைத்தவர் ஒருவரும் கடைசியில் வைத்தவர் ஒருவரும் தாங்கள் எழுதிய வரியைப் படிக்கட்டும். "பழைய டிரங்குப் பெட்டி" என்று ஒருவர் வெறுத்ததையே இன்னொருவர் "தாத்தா வீட்டு அலமாரி" என்று நேசித்திருப்பார்.

விலை குறைந்தது மேலே வந்தால் யாரும் வெட்கப்பட வேண்டாம். 1976 மே 24 அன்று பாரிசில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஒயின் வணிகர் இப்படித்தான் பெயரை மறைத்துப் பிரெஞ்சு நிபுணர்கள் முன் வைத்தார். வெள்ளையில் கலிபோர்னியாவின் ஷாட்டோ மாண்டலீனா, சிவப்பில் அதே கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸ், இரண்டுமே 1973-ஆம் ஆண்டு ஒயின்கள், முதலிடம் பிடித்தன. அது நிபுணர்களின் தோல்வி என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. தங்கள் ஊர்ப் பெயர் கண்ணில் படாதபோது, வாயில் உள்ளதற்கு நேர்மையாக மதிப்பெண் போட்டார்கள்.

பிறகு பாட்டில்களை மேசைக்குக் கொண்டுவந்து சாப்பாட்டைத் தொடங்குங்கள். கூஜாக்களில் மிஞ்சியதை மறுபடி பாட்டிலில் ஊற்றிவிடலாம். சாப்பாட்டோடு சுவைக்கும்போது சிலர் தங்கள் வரிசையை மாற்றுவார்கள். துவர்ப்பு தூக்கலாக இருந்து கடைசியில் நின்ற ஒயின் ஆட்டுக்கறி வறுவலோடு திடீரென்று மேலே ஏறும். அந்த இரண்டாவது வரிசையையும் தாளின் பின்பக்கம் குறித்துவையுங்கள். மீதமுள்ள பாட்டில்களை இறுக மூடி, சிவப்பானாலும் ஃபிரிட்ஜிலேயே நிற்கவையுங்கள். மூன்று நாள் தாங்கும், எடுத்துக் குடிக்கும் முன் அரை மணி நேரம் வெளியே வைக்க வேண்டும்.